இரண்டு நூல் சாய்வு

மம்சாபுரம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால், ஐயாதுரை மகன் பெலிக்ஸ் கட்டுகிற வீடு வரும். கட்டுகிறவன் ஊரில் இல்லை என்பதுதான் விசேஷம். அவன் லெபனான் நாட்டின் தெற்கு ஓரத்தில், ஐ.நா. அமைதிப்படையாக நீலத் தொப்பி போட்ட நம் பட்டாளத்தோடு ஒரு குன்றின்மேல் இருந்தான். அங்கிருந்தபடியே அஸ்திவாரம் தோண்டினான், வாசக்கால் வைத்தான், சுவர் எழுப்பினான். எல்லாம் செல்போனில்.

ஊரில் காலை பதினொன்றரைக்கு ஆட்களுக்கு டீயும் வடையும் வரும். லெபனானில் அப்போது எட்டு மணி. பெலிக்ஸுக்கு வேலைக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் கிடைக்கும். மில்லில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்த ஐயாதுரை, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகனுக்குச் சுவர் சுவராகக் காட்டுவார். பாதி நேரம் அவருடைய பெருவிரல்தான் தெரியும். சாயங்காலம் பெலிக்ஸின் மனைவி பியூலாவின் முறை. அவளுக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க இழை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று வலைத்துணியைப் பார்த்துப் பார்த்துக் களைத்து வருகிறவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வேலை நடக்கிற இடத்துக்குப் போய், ஒயரில் தொங்கும் பல்பை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகக் காட்ட வேண்டும்.

சித்தாள் வேலைக்கு வந்த வெள்ளத்தாய் அந்தப் போனுக்குக் 'கர்னல்' என்று பேர் வைத்திருந்தாள். கர்னல் வந்தால் ஆட்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்வார்கள். கர்னல் போன பிறகுதான் வடையைக் கடிப்பார்கள்.

பெலிக்ஸைக் குறை சொல்லவும் முடியாது. பட்டாளத்தில் அவனுக்குக் கட்டட வேலைதான். பதினாறு வருஷமாகப் பாலம், பதுங்குகுழி, தண்ணீர்த்தொட்டி, அதிகாரிகள் குடியிருப்பு என்று யார் யாருக்கோ கட்டிக் கொடுத்தவன், முதல்முதலாகத் தனக்கென்று ஒன்று கட்டுகிறான். அதைக் கையால் தொடமுடியாத தூரத்தில் இருந்துகொண்டு கட்டுகிறவனுக்கு, வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது? ஆனால் அவன் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை. கம்பிக்கு அடியில் வைக்கிற சிமெண்டுக் கட்டிகளைப் போனில் ஒன்று இரண்டு என்று எண்ணுகிற ஆள்.

முகாமில் அவனுடைய நாள் ஐந்து மணிக்குத் தொடங்கும். சண்டை நிறுத்தம் என்று அறிவித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. போர் முடிந்த மாதிரியும் இருந்தது, முடியாத மாதிரியும் இருந்தது. தலைக்குமேல் எங்கேயோ ஒரு ட்ரோன் நாள் முழுக்க முனகும். தூரத்தில் எப்போதாவது ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரு நொடி நிமிர்ந்துவிட்டு, மறுபடி குனிந்து வேலையைப் பார்ப்பார்கள். பதுங்குகுழிக்குள் படுத்து ராத்திரியைக் கழித்த மாதங்கள் போய், மண்மூட்டைகளை மாற்றி அடுக்குவது, ரோட்டில் கிடக்கிற இடிபாட்டை ஓரம் கட்டுவது, தண்ணீர்க் குழாயை ஒட்டுவது, வெள்ளை வண்டிகளைக் கழுவுவது என்று எல்லாம் வீட்டு வேலை மாதிரி ஆகியிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

காலையில் பல் துலக்கும்போது எதிரே எர்மோன் மலை உச்சியில் பனியோடு நிற்கும். சண்டே ஸ்கூலில் பேர் மட்டும் கேட்ட மலை. அம்மா கிருபாபாய்க்கு ஒருநாள் போனில் அதைக் காட்டினான். அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, "நம்ம மேற்கு மலைய விடப் பெருசாலே?" என்று மட்டும் கேட்டாள். கீழே ஊருக்குள், போருக்குப் பயந்து ஓடிப்போன குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆலிவ் மரங்களுக்கு அடியில் படுதாவை விரித்துக் கம்பால் தட்டிக் காய் உதிர்த்தார்கள். முகாம் மெஸ்ஸில் சாம்பாரும் சோறும் தடையில்லாமல் கிடைத்தது. கன்னியாகுமரிக்காரன் நாயக் ஆல்வின், ஊருக்குள் போனால் ஏதோ இலைப்பொடி தூவிச் சுட்ட ரொட்டி வாங்கிவருவான். அதைச் சாம்பாரில் முக்கித் தின்பதை யாராவது லெபனான்காரர் பார்த்திருந்தால் போர் மறுபடி மூண்டிருக்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

மம்சாபுரத்தில் தளத்துக்குப் பலகை அடித்து, முட்டுக்கம்பு கொடுத்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. சனிக்கிழமை கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. வங்கக்கடலில் காற்றழுத்தம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் காசிராஜன் சேத்தூர்க்காரர். ஐம்பத்தைந்து வயது. அதிகம் பேசமாட்டார். ஐயாதுரை வழக்கம்போல போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அந்த வடக்குச் சுவரு சாய்ஞ்சிருக்கே" என்றான் பெலிக்ஸ்.

"எந்தச் சுவரு தம்பி?"

"அப்பாவுக்கு வலதுகைப் பக்கம். நல்லாத் தெரியுது. ரெண்டு நூல் இருக்கும்."

கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. காசிராஜன் பைக்குள்ளிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் உச்சியில் கட்டையை வைத்துக் குண்டைக் கீழே விட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. உச்சியில் எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளிதான் அடியிலும். வெள்ளத்தாயும் மற்ற ஆட்களும் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பாருங்க தம்பி. மயிரிழை கூட இல்ல."

பெலிக்ஸ் அதோடு விட்டிருக்கலாம். அவனுக்கு நேரம் சரியில்லை.

"குண்டு சரியாத் தொங்குதோ என்னமோ. எதுக்கும் தளம் போடுறத நிப்பாட்டி வைங்க. நான் சொல்லுத வரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம்."

காசிராஜன் தூக்குக்குண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். தொட்டித் தண்ணீரில் கரண்டியை முக்கி, விரலால் தேய்த்து, ஒட்டின சாந்தெல்லாம் போகக் கழுவினார். கொத்தனார் சாயங்காலம் கரண்டி கழுவினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மதியத்துக்கு முன்னாலேயே கழுவினால் அர்த்தம் வேறு. "ஐயாதுரை அண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பியூலா கூப்பிட்டாள்.

"கொத்தனாரு போயிட்டாரு, தெரியுமா?"

"அப்பா சொன்னாரு. போனாப் போறாரு. ராஜபாளையத்துல கொத்தனாருக்கா பஞ்சம்?"

"பஞ்சமில்ல. மாமா மூணு பேரப் போய்க் கேட்டாச்சு. காசிராஜன் அண்ணாச்சி கரண்டி வச்ச சுவத்துல நாங்க கரண்டி வைக்க மாட்டோம், அவிய வாயால சொன்னா வாரோம்னு மூணு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதாங்க. அதுதான் அவிய வழக்கமாம்."

"இது என்ன வழக்கம்?"

"ஒங்க பட்டாளத்துல இல்லாத வழக்கமா? மாமா சேத்தூருக்கே போயிட்டு வந்துட்டாவ. நல்ல மாதிரி உக்கார வச்சு, காப்பி குடுத்து, மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாராம்."

"சுவரு சாய்ஞ்சிருக்கு பியூலா. நான் கண்ணால பாத்தேன்."

"மானம் எப்படி மூடிக் கெடக்கு தெரியுமா? ரெண்டு மழை விழுந்தா பலகையெல்லாம் உப்பிரும். கம்பி துருவேறிரும். முட்டுக்கம்பு குடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் திங்கக்கெழம வேற எடத்துக்கு வேணுங்கான். எல்லாத்தயும் பிரிச்சுட்டா மறுபடி பொங்கலுக்குப் பொறவுதான். நீங்க வாரப்ப நாலு சுவரும் மேல மானமும்தான் இருக்கும்."

"சரி, அந்தச் சுவத்தக் காட்டு. பல்ப நல்லா தூக்கிப் பிடி."

பியூலா பல்பைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு போனைத் திருப்பினாள். சுவர் வந்தது. பெலிக்ஸ் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கென்று அது சாய்ந்த மாதிரி தெரியவில்லை. அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அவனுக்கும் ஆல்வினுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கீழே ஊரில் வேலை. எலியாஸின் அம்மா என்று ஒரு கிழவி. அந்த ஊரிலும் மகன் பேரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வீடு திரும்பியிருந்தாள். வீடு தப்பித்துவிட்டது. ரோட்டோரச் சுற்றுச்சுவர் மட்டும் சரிந்து பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தது. கல்லை அப்புறப்படுத்திவிட்டு, இடுப்பு உயரத்துக்குச் சுவரை எழுப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மேலிடத்து உத்தரவு.

பெலிக்ஸுக்கு மனசு லேசானது. கையில் கரண்டி வந்தாலே அவனுக்கு அப்படித்தான். குளிர்காற்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆல்வின் சாந்து குழைத்தான். கயிறு கட்டி, குண்டு விட்டு, நான்கு வரிசை கட்டியாயிற்று. எலியாஸின் அம்மா இரண்டு தடவை டீ கொண்டுவந்தாள். சீனியை அள்ளிப் போட்டிருந்தாள். மொழிபெயர்ப்புக்கு வந்த நதீம் என்கிற உள்ளூர்ப் பையன், பட்டாளத்தோடு பழகி அரைகுறை இந்தி பேசுவான். ஒரு கல்மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

ஐந்தாவது வரிசை தொடங்கும்போது கிழவியின் போன் அடித்தது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் அரிசி வியாபாரம் செய்கிற மகன் எலியாஸ். கிழவி சந்தோஷமாகப் போனைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். போனுக்குள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது. நதீம் எழுந்து நின்றான். அவன் முகம் ஒருமாதிரி ஆனது.

என்ன சொல்கிறார் என்று பெலிக்ஸ் கேட்டான்.

சுவர் சாய்ந்திருக்கிறதாம் என்றான் நதீம்.

பெலிக்ஸ் சிரித்தபடி குண்டை எடுத்து விட்டுக் காட்டினான். குண்டு சுவரோடு ஒட்டி நேராக நின்றது. போன் இன்னும் கத்தியது. குண்டெல்லாம் வேண்டாம், தன் கண்ணுக்குத் தெரிகிறது, மூன்று விரல் அளவு சாய்ந்திருக்கிறது, பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல் என்று நதீம் தயங்கித் தயங்கிச் சொன்னான். இவர்களுக்கு ஒழுங்காகக் கட்டத் தெரியுமா என்றும் கேட்டதாக, கொஞ்ச நேரம் கழித்து, அதையும் சொல்லிவிட்டான்.

"சார், ஒங்க ஒடம்பொறந்தான் மாதிரில்லா பேசுகான்" என்றான் ஆல்வின்.

பெலிக்ஸுக்குக் காது சூடானது. பதினாறு வருஷம். பனியில் கட்டியிருக்கிறான், பாலைவனத்தில் கட்டியிருக்கிறான். எங்கேயோ கடல்தாண்டி மூட்டை எடைபோடுகிற ஒருத்தன், கையகலக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவனைப் பிரித்துக் கட்டச் சொல்கிறான். பெலிக்ஸ் வாளித் தண்ணீரில் கரண்டியை முக்கி, விரலால் தேய்த்துக் கழுவினான். கழுவி முடித்துத் துணியில் துடைக்கும்போதுதான், தான் என்ன செய்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிழவி இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. போன் ஒருபக்கமாகக் கோணியிருந்தது.

அவன் மறுபடி கரண்டியைச் சாந்தில் வைத்தான். ஐந்தாவது வரிசையைக் கட்டினான், ஆறாவதையும் கட்டினான். ஊருக்கு வரும்போது நேரில் வந்து பார்க்கச் சொல் என்று நதீமிடம் சொன்னான். எலியாஸ் முனகிவிட்டுப் போனை வைத்தான். கிழவி ரொட்டியும் உப்புப் போட்ட ஆலிவ் காயும் கொண்டுவந்து எல்லாருக்கும் பரப்பினாள். ஆல்வின் சாப்பிட்டான். பெலிக்ஸ் இரண்டு வாய் தின்றுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். ஊரில் அப்போது மணி நாலு. முகம் காட்டாமல், குரல் மட்டும் போகிற மாதிரிக் காசிராஜனைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, பெலிக்ஸ் பேசுதேன்."

"சொல்லுங்க சார்."

அந்த 'சார்' அவனைச் சுருக்கென்று குத்தியது. நேற்றுவரைக்கும் தம்பி.

"இங்க ஒரு வீட்டுக்குச் சுவரு கட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. வீட்டுக்கார அம்மாவுக்கு மகன் வெளிநாட்டுல இருக்கான். இப்பம் போன்ல வந்தான்."

காசிராஜனுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது.

"வந்து?"

"சுவரு சாய்ஞ்சிருக்குன்னு சொல்லிட்டான்."

"எம்புட்டு?"

"மூணு வெரல்."

"அடேங்கப்பா" என்றார் காசிராஜன். "என்னைய ரெண்டு நூலோட விட்டுட்டீய."

பெலிக்ஸ் சிரிக்கவில்லை.

"சாய்ஞ்சிருந்துச்சா?" என்று கேட்டார் காசிராஜன்.

"இல்ல அண்ணாச்சி. குண்டு போட்டுல்லா கட்டுனேன். அந்தம்மா போனக் கோணப் பிடிச்சிருந்துச்சு. வயசானவிய. கை நடுங்குது."

சேவல் மறுபடி கூவியது.

"ஒங்கப்பாவுக்கும் கை நடுங்கத்தான் செய்யுது" என்றார் காசிராஜன். "நீங்க பாத்திருக்க மாட்டீய. டீ கிளாஸ ரெண்டு கையாலதான் பிடிக்காரு."

"ஒங்க குண்ட நம்பாமப் பேசுனது தப்பு அண்ணாச்சி. ஆளுங்க முன்னால வச்சுப் பேசுனது அதவிடத் தப்பு. எனக்கு இன்னைக்கிதான் தெரிஞ்சுது. மனசுல வச்சுக்கிடாதீய."

"கரண்டியக் கழுவுனீயளா?"

"கழுவுனேன்."

"பொறவு?"

"திரும்ப எடுத்துட்டேன்."

"நீங்க பட்டாளம். திரும்ப எடுத்துத்தான் ஆகணும்" என்றார் காசிராஜன். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. நாளைக்கே தளத்தப் போட்டுருவோம். மிக்சர் மிசினுக்குச் சொல்லுதேன். ஆனா எனக்கு ஒண்ணு நீங்க செய்யணும்."

"சொல்லுங்க."

"இனிமே போன் வேலைக்குள்ள வரக்கூடாது. தளத்துக்கு மட்டும் சொல்லல. பூச்சு, தரை, பெயிண்டு எல்லாத்துக்கும்தான். போட்டோவும் வேண்டாம். நீங்க எப்பம் வாரீய?"

"பிப்ரவரி கடைசியில."

"நேர்ல வந்து, வாசல்ல நின்னு பாருங்க. எங்க சாய்ஞ்சிருக்குன்னு கைய வச்சுக் காட்டுங்க. என் செலவுல இடிச்சுக் கட்டித் தாரேன். அதுவரைக்கும் நீங்க வீட்டப் பாக்கக் கூடாது."

"மூணு மாசத்துக்கா அண்ணாச்சி?"

"வீடு அங்கனயேதான கெடக்கும். அது எங்க போயிரப் போவுது?"

பெலிக்ஸ் எர்மோன் மலையைப் பார்த்தான். குழி தோண்டின நாளிலிருந்து அந்த வீட்டைப் பார்க்காமல் அவன் ஒருநாள்கூடத் தூங்கினதில்லை. சோறு இல்லாமல் இருக்கச் சொன்னால்கூட யோசிக்காமல் சரி என்றிருப்பான்.

"சரி அண்ணாச்சி" என்றான்.

"சரி தம்பி. நாளைக்கு ஆளுங்களுக்குக் கறிச்சோறு போடணும். அதுல மட்டும் எதையும் குறைச்சிராதீய."

சனிக்கிழமை எட்டு மணிக்கு பெலிக்ஸ் கையில் போனோடு மண்மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். ஐயாதுரை கூப்பிட்டார். படம் இல்லை.

"ஏலே, சத்தம் கேக்கலாமாம். கொத்தனாரு சொல்லிட்டாரு. சட்டப் பையில வச்சிருக்கேன். நீ பேசாத, கேளு."

அவன் கேட்டான். மிக்சர் மெஷின் ஜல்லியைப் புரட்டுகிற கரகரப்பு. சட்டி கைமாறுகிற சத்தம். தண்ணி ஊத்து, போதும், என்று காசிராஜன் குரல். முந்தின சட்டி காலியாவதற்குள் அடுத்த சட்டியா என்று யாரையோ வெள்ளத்தாய் வைதாள். நடுவில் அப்பாவின் நெஞ்சுத்துடிப்பும் இருமலும். ஆல்வின் எட்டிப் பார்த்து, யாருடைய பிரசங்கம் என்று கேட்டான். பெலிக்ஸ் கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னான்.

ஊரில் மூன்று மணிக்கெல்லாம் தளம் முடிந்தது. கிருபாபாய் ஆள் ஒன்றுக்கு இரண்டு கரண்டி கறி கூடுதலாகப் போட்டாளாம். காசிராஜன் மேலே தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு இறங்கினாராம். சனி ராத்திரி தூறல். ஞாயிற்றுக்கிழமை சரியான மழை. காய்கிற தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை மானமே பார்த்துக்கொண்டது என்று ஐயாதுரை பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பியூலா வீடியோவில் கூப்பிட்டாள். ராஜபாளையத்துப் பழைய வீட்டில், உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். மகள் ஷெரின் பக்கத்து அறையில் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. வெளியே மழை.

"சாப்ட்டீயளா?"

"சாப்ட்டேன். நீ?"

"இனிமேத்தான். சோறு வடிக்கணும்."

அதற்கு மேல் பெலிக்ஸுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. எத்தனையோ மாதமாகக் காட்டு, திருப்பு, தூக்கு, கிட்டே கொண்டுபோ என்பதைத் தவிர அவளிடம் அவன் வேறு ஒன்றும் பேசியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தான். எதுவோ வித்தியாசமாக இருந்தது. அது என்னவென்று பிடிபட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பியூலா, நீ எப்பம் கண்ணாடி போட்ட?"

"ஆகஸ்டுல."

"ஆகஸ்டுலயா?"

"துணியில இழை தெரியல, ரெட்டை ரெட்டையாத் தெரிஞ்சுது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல போய்ப் பாத்தேன். போட்டுத்தான் ஆகணும்னுட்டாங்க. இப்பம் நல்லாத் தெரியுது."

"எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"தெனமும் போட்டுக்கிட்டுத்தான வந்தேன்" என்றாள் பியூலா. குரலில் கோபம் இல்லை. "கேப்பீய, கேப்பீயன்னு நெனச்சேன். பொறவு விட்டுட்டேன்."

பெலிக்ஸ் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். கண்ணாடி அவள் முகத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுத்திருந்தது, காதோரத்தில் இரண்டு நரை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"சரி, வைக்கட்டுமா? ஒல கொதிச்சிரும்" என்றாள் அவள்.

"கொதிக்கட்டும்" என்றான் பெலிக்ஸ். "செத்த நேரம் அப்படியே இரு."